பாதைப் பக்கம் வாசல்

லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரை வைத்துத்தான் கட்டவேண்டும் என்று என் மகன் சொன்னபோது, வீடு கட்ட எதற்கு லைசென்ஸ், அவர் என்ன மலை மேலே பஸ்ஸா ஓட்டப்போகிறார் என்று கேட்டேன். மகன் சிரிக்கவில்லை. அவன் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தாளில் இருந்தால்தான் அவனுக்குத் தரையிலும் இருக்கும்.

"இப்பெல்லாம் மலைல சும்மா கட்ட உடமாட்டாங்கம்மா. பிளான் போடோணும், அத பாஸ் பண்ணோணும். லைசென்ஸ் இல்லாத ஆளு கட்டுனா வந்து நிறுத்திப்போடுவாங்க."

"உங்கப்பா கட்டுன ஊட்ட யாரு வந்து நிறுத்துனாங்க?"

"அதத்தான் நான் இடிச்சுக் கட்டிட்டேனே."

அதுவும் சரிதான். அவன் இடித்துக் கட்டியதால்தான் எனக்கு இந்தத் தொல்லையே வந்தது. பழைய வீட்டில் சமையல்கட்டின் கதவு பின்பக்கம் ஊர்ப்பாதையைப் பார்த்து இருந்தது. பஸ்ஸுக்குப் போகிறவள், பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவன், மிளகு பறிக்க ஏணி தூக்கிப்போகிறவர்கள், யாரும் அந்தக் கதவில் தலையை நீட்டாமல் போனதில்லை. யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் தோட்டத்தில் காட்டெருமை இறங்கியது எல்லாம் அடுப்படியிலேயே எனக்கு வந்து சேர்ந்துவிடும். புது வீட்டில் அந்தக் கதவை அடைத்து, அந்த இடத்தில் வாஷிங் மெஷினை வைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவேண்டும் என்றால் முன்பக்கம் தார் ரோட்டுக்குச் சுற்றி வரவேண்டும். அங்கே கேட் உண்டு, நாய் உண்டு. செருப்பைக் கழற்றி, வழவழவென்று இருக்கும் டைல்ஸில் நடந்து, டிவி ஓடும் அறையில் சோபாவில் உட்காரவேண்டும். மருமகள் நல்லவள்தான், குறை சொல்லமாட்டேன், தட்டில் பிஸ்கட் வைத்துக் கொடுப்பாள். ஆனால் சேற்றுக் காலோடு காப்பிச்செடிக்குள்ளிருந்து வருகிறவள் சோபாவில் உட்காருவாளா. "அப்பறமா வரேனுங்க" என்று கேட்டிலேயே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த அப்பறம் வரவே இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க நான் டிவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் பின்பக்கம் எனக்கென்று ஒரு சின்ன வீடு வேண்டும் என்று கேட்டேன். ஓர் அறை, அதற்குள் விறகடுப்பு, முட்டி வலிக்காரிக்கு உள்ளேயே ஒரு கக்கூஸ். வாசல் மட்டும் ஊர்ப்பாதையைப் பார்த்து இருக்கவேண்டும். மகன் சரி என்றான். மிளகு விற்ற பணம் என்னுடையது, பட்டாவும் என் பேரில் இருக்கிறது, வேறு என்ன சொல்வான்.

கான்ட்ராக்டர் சேலத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். மலையில் காட்டேஜ் கட்டியே பிழைக்கிறவர், ஆனால் கொண்டை ஊசி வளைவு அவருக்கு ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. அதுதான் லைசென்ஸ் என்று மகன் காதில் சொன்னான். நான் நன்றாகப் பார்த்தேன். அவருடைய படம் இருந்தது, வீட்டின் படம் எதுவும் இல்லை.

பின்பக்கம் கூட்டிப்போனேன். அந்த இடம் ஒரு பாய் விரித்ததுபோல் சமமாக இருக்கும். ஒரு பக்கம் ஊர்ப்பாதை, நேர் எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கின் சரிவு. நான் நடுவில் போய்ப் பாதையைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

"இங்க வாசலுங்க தம்பி. இந்தாண்ட அடுப்பு. முதுகுப்பக்கம் பூரா செவுரு வெச்சிருங்க, காத்தும் பனியும் அங்கிருந்துதான் ஏறி வரும்."

அவர் போனில் என்னைப் படம் எடுத்தார். எடுத்துவிட்டு என் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்து, "சூப்பருங்க பாட்டிம்மா" என்றார். நான் சொன்ன யோசனையைத்தான் சூப்பர் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிளான் வந்தது. மகன் அதை மேஜை மேல் விரித்து, அறை இத்தனை அடி, கக்கூஸ் இத்தனை அடி என்று சத்தமாகப் படித்தான். எல்லாம் இருக்கிறது என்றான். நான் கையெழுத்துப் போட்டேன். எந்தப் பக்கம் எது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நேரில் நின்று கையை நீட்டிக் காட்டியதை ஒருவர் மாற்றிப் போடுவார் என்று யாருக்குத் தோன்றும்.

பிறகு வேலை தொடங்கியது. தொடங்கியது என்று சொல்லலாம், நடந்தது என்று சொல்ல முடியாது. மணல் லாரி எங்கள் வளைவில் திரும்பாது என்பது லாரி வந்து நின்ற பிறகுதான் கான்ட்ராக்டருக்குத் தெரிந்தது. தார் ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலமே மழை. பாதி மணல் ரோட்டோடு இறங்கிப் போயிற்று. கொத்தனாரும் ஆட்களும் வெள்ளக்கடையிலிருந்து டூ வீலரில் வருவார்கள். மழை பெய்தால் வழுக்கும் என்று வரமாட்டார்கள். வெயில் அடித்தால் அவர்கள் தோட்டத்தில் வேலை இருக்கும். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மூடாப்பாக இருந்தால் யார் வீட்டிலாவது கல்யாணம் இருக்கும்.

கான்ட்ராக்டருக்குப் போன் போட்டால் எப்போதும் ஒரே பதில். "அடிவாரத்துல இருக்கேனுங்க பாட்டிம்மா, வந்துட்டே இருக்கேன்." அடிவாரம் தாண்டிவிட்டால் வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் அவரைப் பிடிக்க முடியாது, கேட்டால் மலை ஏறிக்கொண்டிருந்தேன் என்பார். ஒரு நாள் அப்படிச் சொன்னபோது பின்னாலிருந்து பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. தர்மபுரி, தர்மபுரி என்று கத்துகிறார்கள்.

"அடிவாரத்துல எப்பங்க தர்மபுரி பஸ்ஸு உட்டாங்க?" என்று கேட்டேன்.

"ஹலோ, ஹலோ, கேக்கலீங்களே" என்றார்.

கடைக்கால் தோண்டும்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாலு பக்கமும் குழிதான், அதில் வாசல் எது, சுவர் எது. தரை மட்டத்துக்கு எழுப்பினார்கள், அப்போதும் தெரியவில்லை. சிமெண்ட் கல் வைத்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் வந்த அன்றைக்குத்தான் தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பாதைப் பக்கம் சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் அடைத்துக்கொண்டு நின்றது. சரிவுப் பக்கம் மாடு இரண்டு சேர்ந்து போகிற மாதிரி திறந்து கிடந்தது.

கொத்தனாரைக் கேட்டேன். "ஏஞ்சாமி, வாசல் எங்க?"

"அந்தப் பக்கமுங்க ஆயா" என்று பள்ளத்தாக்கைக் காட்டினான்.

"அப்ப இந்தப் பக்கம்?"

"இது பாத்ரூமுங்க. கக்கூஸ் பைப்பு இப்படி வெளிய வந்து, இப்படி மேல போவுமுங்க."

பாதையில் போகிற வருகிற சனமெல்லாம் என் கக்கூஸ் குழாயைப் பார்த்துக்கொண்டு போகும். நான் அந்தப் பக்கம் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முன் வீட்டிலாவது டிவி இருந்தது. இங்கே அதுவும் இருக்காது. செத்துக்கிடந்தாலும் மூக்கில் பட்டால்தான் ஊருக்குத் தெரியும்.

கான்ட்ராக்டர் வருகிறவரைக்கும் அந்தச் சுவர் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். எழுந்தால் இன்னொரு வரிசை வைத்துவிடுவார்கள். மத்தியானம் எலுமிச்சம்பழத்தோடு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க தம்பி, நான் இங்க வாசல்னு கை காட்டுனனா இல்லீங்களா?"

"காட்டுனீங்க பாட்டிம்மா. நான் ஏதோ பாதையத்தான் காட்டறீங்கன்னு நெனச்சேன். இப்பிடி ஒரு வியூவ உட்டுட்டு யாராவது சந்தப் பாத்து வாசல் வெப்பாங்களா?"

"வியூன்னா?"

"அதோ பாருங்க. மலை, மேகம், கீழ சேலம். ராத்திரி லைட்டெல்லாம் தெரியும். மெட்ராஸ்காரங்க இதுக்குன்னு எவ்வளவு தூரம் வராங்க."

"மெட்ராஸ்காரங்களா இதுக்குள்ள படுக்கப்போறாங்க?"

"அதுக்கில்லீங்க. நான் இந்த மலைல எத்தன காட்டேஜ் கட்டியிருக்கேன், எல்லாம் இந்த மாடல்தான். முன்னாடி பெரிய கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னாடி சிட் அவுட்."

"குடியிருக்கறவங்களுக்கு ஒண்ணாச்சும் கட்டியிருக்கீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை, போனில் மட்டும்தான் சொல்வார். "இதுதானுங்க மொத ஊடு" என்றார்.

அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த ஒருவரும் பள்ளத்தைப் பார்த்து வாசல் வைத்ததில்லை. அந்தப் பக்கத்திலிருந்து பனி ஏறினால் பாயும் போர்வையும் நனைந்துபோகும். மலையை எதற்கு உட்கார்ந்து பார்க்கவேண்டும். அது எங்கேயும் போகாது, எதையும் சொல்லாது. பாதையில்தான் ஆள் வரும்.

அவர் என் மகனுக்குப் போன் போட்டார். பட்டா என் பேரில், பணம் என்னுடையது, சுவர் மேல் உட்கார்ந்திருப்பவள் நான். கேட்பது மகனை. போனைச் சத்தமாக வைத்து என் பக்கம் நீட்டினார். துணி காயப்போட வந்த மருமகளும் வந்து நின்றாள்.

"அவரு லைசென்ஸ்காரரும்மா, அவரு சொல்றபடி உட்டுரு" என்றான் மகன். "பிளானும் அப்படித்தான் பாஸ் ஆயிருக்குது. மாத்துனா மறுபடியும் அலையோணும். காட்டேஜ் மாடல்ல இருந்தா நல்லதுதானே, நாளைக்கு வாடகைக்கு உட்டாக்கூட ஆகும்."

"நாளைக்குன்னா எப்ப கண்ணு?" என்று கேட்டேன்.

கான்ட்ராக்டர் எலுமிச்சம்பழத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

மருமகள்தான் வாயைத் திறந்தாள். "சிக்னல் போயிருச்சுங்க அத்தை" என்றாள். சிக்னல் போகவில்லை. அவன் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. இருந்தாலும் அவள் சொன்னது எங்கள் மூன்று பேருக்கும் உதவியாக இருந்தது.

அதற்குப் பிறகு பிளானை மாற்ற முடியாது, பாத்ரூம் குழியெல்லாம் எடுத்தாயிற்று என்று கான்ட்ராக்டர் ஒரே பிடியாக நின்றார். மகன் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். இரண்டு பேரும் நிலை வைப்பதற்கு நாள் மட்டும் பார்த்துவிட்டார்கள். வாசல் நிலையை நட்டுவிட்டால் அப்புறம் யாராலும் நகர்த்த முடியாது. கொட்டச்சேட்டில் இருக்கும் என் தம்பிக்கு மட்டும், இன்ன நாள் நிலை வைக்கிறார்கள், சீர்த்தட்டோடு வந்துவிடு என்று சொல்லி அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் சனத்தில் பெண்ணுக்கு வீடு எழும்பினால் பிறந்த வீட்டுத் தட்டு வந்து இறங்கிய பிறகுதான் நிலையைத் தூக்குவார்கள். மஞ்சள், தேங்காய், பூ, நிலையில் கட்டப் புதுத்துணி எல்லாம் அந்தத் தட்டில் இருக்கும். அந்தத் தட்டு வாசல் வழியாகத்தான் வரும். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் போகாது. பின்னால் வருவதற்கு அது என்ன எருவா.

தம்பியும் அவன் சம்சாரமும் பங்காளிகளும் பஸ்ஸில் வந்து இறங்கி ஊர்ப்பாதையில் வரிசையாக வந்தார்கள். தம்பிக்கும் வயது அறுபதுக்கு மேல். தட்டைத் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வந்தவன் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டான். அவன் காலுக்கு நேராகக் கக்கூஸ் ஓட்டை.

"ஏக்கா, இந்த ஊட்டுக்கு முன்பக்கம் எந்தப் பக்கம்?" என்றான்.

"அந்தத் தம்பியக் கேளு" என்று கான்ட்ராக்டரைக் காட்டினேன்.

கான்ட்ராக்டர் அன்றைக்கு வெள்ளை வேட்டியில் இருந்தார். ஓடிவந்தார். "அண்ணா, இப்பிடி சைடுல வாங்க. பாத்து, வழுக்கும். காப்பிச்செடியப் புடிச்சுட்டு வந்தீங்கன்னா அந்தப் பக்கம் வாசல்."

"செடியப் புடிச்சுட்டா? கையில தட்டு இருக்குதுங்களே."

"தட்ட இங்க குடுங்க, நான் வாங்கிக்கறேன்."

"நீங்க யாருங்க எங்க அக்காவுக்கு?"

கூட வந்த பங்காளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். கான்ட்ராக்டர் விடாமல் வியூவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மலை, மேகம், ராத்திரி லைட்டு. தம்பி முழுக்கக் கேட்டான். அவன் எதையும் அவசரமாகக் கேட்கிறவன் இல்லை.

"அத நாங்க தெனமும் பாக்கறமுங்க" என்றான். "பாக்கறதுக்கு ஊடு எதுக்கு?"

தட்டை இறக்கவும் இல்லை, பாதையை விட்டு நகரவும் இல்லை. பின்னால் வந்தவர்களும் நகரவில்லை. பாதை நெடுக ஆட்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் வேறு வந்து சேர்ந்து, என்ன ஏது என்று கேட்டு நின்றுவிட்டார்கள். மகன் வந்து மாமன் காதில் ஏதோ சொன்னான். "நீ சொல்றது சரிதான் மாப்ள, தட்டு கனக்குது, சீக்கிரம் ஒரு வாசல் வெச்சுக் குடுத்தா எறக்கிருவேன்" என்று தம்பி ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னான்.

கான்ட்ராக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எனக்கு ஒன்று அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதர் பிளானுக்குப் பயப்படுவதைவிட நேரத்துக்கு அதிகமாகப் பயப்படுகிறார். நல்ல நேரம் தப்பி நிலை வைத்தால் சாரம் சரிந்து ஆள் விழும் என்பது அவருடைய நம்பிக்கை. எங்கேயோ ஒரு வேலையில் ஒருவன் விழுந்தும் இருக்கிறானாம், கொத்தனார் பின்னால் சொன்னான்.

"முடியப்போகுதுங்க, நேரம் முடியப்போகுது" என்றார் என்னிடம். மகனை விட்டுவிட்டு என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எனக்கென்ன தெரியுமுங்க. நீங்க லைசென்ஸ்காரரு" என்றேன்.

அவர் கொத்தனாரைக் கூப்பிட்டார். "இடிப்பா" என்றார். மழை ஈரத்தில் சிமெண்ட் இன்னும் சரியாக இறுகவில்லை. கல் பிட்டு பிட்டாக வந்துவிட்டது. பாத்ரூம் குழியை நகர்த்த முடியாது என்பதால் அதன் ஓரத்தில் மீதி இருந்த இடம்தான் வாசலுக்குக் கிடைத்தது. நிலையைத் தரையில் போட்டு ஒரு பக்கம் அறுத்துக் குறுக்கினார்கள்.

"ஒருத்தர் போற அகலந்தான் வரும் பாட்டிம்மா. உள்ள கட்டில் போகாது."

"கட்டிலு அந்த வியூ வழியா வரட்டுமுங்க. நாங்க இப்பிடி வந்துக்கறோம்."

தம்பி தட்டை இறக்கினான். நிலை எழுந்து நின்றது. நான் உள்ளே போய்ப் பாதையைப் பார்த்து நின்றேன். எதிரே இருபது பேர் முகம்.

அதற்கப்புறம் நிம்மதி வந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். பிளானைத் திருத்த வேண்டியிருந்தது. அதற்கு அலைந்த அலைச்சலைக் கான்ட்ராக்டர் எனக்கும் மகனுக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டினார். பள்ளத்துப் பக்கத்துக் கண்ணாடிக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டார்களாம், அதை நிறுத்த முடியாதாம், கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். ஐப்பசி முழுக்க அதில் தண்ணீர் வழிந்தது. கோணிச்சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன். வேலை முடிந்த அன்றைக்குக் கான்ட்ராக்டர் சாக்கை ஒதுக்கிவிட்டு, சரிவில் இறங்கி நின்று கண்ணாடியைப் படம் எடுத்துக்கொண்டார். அதைத்தான் எல்லோருக்கும் காட்டுவாராம். வாசல் பக்கத்தைப் படம் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் வாசலுக்கு ஒட்டினாற்போல் கக்கூஸ் குழாய் நிற்கிறது, யார் எடுப்பார்கள். நான் அதன் மேல் அவரைக்கொடியை ஏற்றிவிட்டேன்.

மகன் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. இப்போது எஸ்டேட்டுக்குப் போகும்போது இந்த வழியாகத்தான் போகிறான், ரோடு வழியாகப் போவதைவிடக் கிட்டமாம். வந்து அடுப்பில் என்ன இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்கிறான். நான் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, அவனும் எடுப்பதில்லை.

வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்லவேண்டும். விடிந்ததும் பஸ்ஸுக்குப் போகிற பெண்கள் வாசலில் நின்று பின்னலை முடிப்பார்கள். பஸ்ஸை விட்டவர்கள் அடுத்த பஸ் வரைக்கும் இங்கேதான் உட்காருவார்கள், காப்பி கேட்கமாட்டார்கள், ஆனால் அடுப்பையே பார்ப்பார்கள். மத்தியானம் ஒரு கண் அசரலாம் என்று படுத்தால், "ஏனுங்க ஆயா, தூங்கிட்டீங்களா" என்று எழுப்பிக் கேட்பார்கள். மேல் வீட்டுக்காரி மிளகாயைக் காயப்போட்டுவிட்டு, மழை வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லிப் போகிறாள். ஓடிப்போய் எடுக்கிற முட்டியா எனக்கு. இப்போது புதிதாக ஒரு பழக்கம். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சாவியை என்னிடம் மாட்டிவிட்டுப் போகிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளுக்கு நான் எடுத்துக் கொடுக்கவேண்டும். அதனால் தம்பி வீட்டுக்குக்கூட ஒரு நாள் போய்த் தங்க முடியவில்லை.

சுவரில் இருந்த ஆணி நிறைந்துவிட்டது. நேற்று ஒருத்தி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கீங்க மாட்டறது" என்று கேட்கிறாள். இன்னோர் ஆணி அடிக்கவேண்டும். அதற்கு லைசென்ஸ் உள்ளவரைக் கூப்பிடப்போவதில்லை. ஒரு கல்லை எடுத்து நானே அடித்துக்கொள்வேன்.